பெர்மிட் ரத்தாகும் நாளில் எதிரே உட்கார்ந்திருக்கும் தமிழருக்கு

வணக்கம்.

இந்த மடலை அமைச்சுக்கோ பெரிய முதலாளிகளுக்கோ எழுதவில்லை. கட்டுமான நிறுவனங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் மனிதவளப் பிரிவில் இருக்கும் தமிழர்களுக்கும், தங்கும் விடுதி அலுவலகங்களில் இருப்பவர்களுக்கும், ஆட்களை மெடிக்கலுக்குக் கூட்டிவரும் சூப்பர்வைசர்களுக்கும் எழுதுகிறேன். முக்கியமாக, என்னைப் போல் மருந்தகத்தில் (கிளினிக்கில்) உட்கார்ந்து டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்லும் உதவியாளர்களுக்கு எழுதுகிறேன். ஓர் ஊழியருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து அவரை ஊருக்கு அனுப்பும்போது, அந்தச் சேதி அவர் காதில் விழுவது நம் வாய் வழியாகத்தான்.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மருந்தகத்தில் 19 வருடம் வேலை பார்த்தேன். பெயர் கூப்பிடுவது, எடை பார்ப்பது, எக்ஸ்ரேக்கு அனுப்புவது, டாக்டர் பேச்சை மாற்றிச் சொல்வது, இதுதான் வேலை. கம்பெனி வேன் வந்து நின்றால் ஒரே சமயத்தில் பதினைந்து, இருபது பேர் இறங்குவார்கள். கையில் பாஸ்போர்ட்டும் ஐ.பி.ஏ. தாளும் (வேலைக்கு வரலாம் என்ற முதற்கட்ட அனுமதிக் கடிதம்) இருக்கும். முக்கால்வாசிப் பேர் புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள். ஊசி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பையனும் இருப்பான், நான்காவது தடவை சிங்கப்பூர் வருகிற பெரியவரும் இருப்பார்.

விதிமுறை உங்களுக்கே தெரியும். வேலை பெர்மிட்டில் வருகிறவர் வந்திறங்கிய இரண்டு வாரத்துக்குள் மெடிக்கல் முடித்தாக வேண்டும். காசநோய், எச்.ஐ.வி. எல்லாம் அதில் பார்க்கிறார்கள். எச்.ஐ.வி. உறுதியானால் பெர்மிட் கிடையாது, திரும்பிப் போகத்தான் வேண்டும். 2015 ஏப்ரலில் குறுகிய காலம் வந்துபோகிறவர்களுக்கு இருந்த தடையை எடுத்தார்கள். வேலைக்கு வருகிறவர்களுக்கு எடுக்கவில்லை. அதையும் எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி குறைந்துவிட்டால், உடலுறவு வழியாகக்கூட அது இன்னொருவருக்குத் தொற்றாது என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. சேர்ந்து சாரம் கட்டுவதாலும், ஒரே அறையில் படுப்பதாலும், ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் அது எந்தக் காலத்திலும் தொற்றியதில்லை. ஆனால் சட்டத்தை மாற்றுவது பெரிய இடத்து வேலை. அது மாறும் வரை காத்திராமல் நாம் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

2019 ஜனவரியில் எச்.ஐ.வி. பதிவேட்டுத் தகவல்கள் இணையத்தில் கசிந்தது நினைவிருக்கும். மொத்தம் 14,200 பேருடைய விவரம். அதில் 8,800 பேர் வெளிநாட்டினர், 2011 டிசம்பர் வரை இங்கே கண்டறியப்பட்டவர்கள். எல்லா நாட்டுக்காரர்களும் அதில் அடக்கம். அன்றைக்கு ஊரே தகவல் திருட்டைப் பற்றிப் பேசியது. நான் அந்த 8,800 என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை பேருக்கும் யாரோ ஒருவர் எதிரே உட்கார்ந்து சேதியைச் சொல்லியிருப்பார். அதில் சிலருக்குச் சொன்னது நான்.

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2011ல் நடந்தது. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை விட்டுவிடுகிறேன்.

இருபத்தெட்டு வயதிருக்கும். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. டாக்டர் மூன்று, நான்கு நிமிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். நோயின் பெயர், அது என்ன செய்யும், மருந்து உண்டு, மனைவியைப் பரிசோதிக்க வேண்டும், எல்லாவற்றையும் சொன்னார். நான் தமிழில் சொன்னது இரண்டே வரி. “தம்பி, ரத்தத்துல ஒரு கிருமி இருக்கு. ஊருக்குப் போய் நல்ல டாக்டரா பாருங்க.” எச்.ஐ.வி. என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. தம்பி வயதுப் பையனிடம் அதை எப்படிச் சொல்வது என்று கூச்சம். மனைவி விஷயம் வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, நான் முழுதும் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த இளைஞர் எழுந்திருக்கவில்லை. ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தார். அந்த ஊசித் துளை ஆறி எவ்வளவோ நேரமாகியிருக்கும். அப்புறம் கேட்டார், “ஊர்ல எங்க போகணும்க்கா?”

எனக்குத் தெரியவில்லை. “பெரியாஸ்பத்திரிக்குப் போங்க” என்றேன். வெளியே சூப்பர்வைசர் நேரமாகிறது என்று கண்ணாடிக் கதவைத் தட்டினார். அந்த இளைஞர் போய்விட்டார். ரிப்போர்ட் கம்பெனிக்குப் போனது. அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

மூன்று வருடம் கழித்து அவருடைய தம்பி அதே மருந்தகத்துக்கு மெடிக்கலுக்கு வந்தார். அண்ணன் வாங்கிய கடனை அடைக்க வந்த பிள்ளை. கூட்டம் குறைந்த பிறகு கவுண்டருக்கு வந்து, மெல்லிய குரலில் ஊர் பெயரைச் சொன்னார். எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. அண்ணன் ஊருக்குப் போய் முதலில் ஒரு தனியார் டாக்டரிடம் போயிருக்கிறார். சத்து மாத்திரை கொடுத்தாராம். பிறகு ரத்தத்தைச் சுத்தம் செய்து தருகிறேன் என்ற ஒருவரிடம் சூரணம் வாங்கி, நாற்பதாயிரம் ரூபாய் வரை செலவழித்திருக்கிறார். கிருமி என்றால் எந்தக் கிருமி என்று நான்தான் சொல்லவில்லையே. அடுத்த வருடம் மனைவி உண்டானார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையில்தான் முதல் தடவையாக அந்த வீட்டில் எச்.ஐ.வி. என்ற வார்த்தை காதில் விழுந்தது. முதலில் தெரிந்தது மனைவிக்கு. புருஷனை அழைத்து வாருங்கள் என்று ஆலோசகர் சொல்ல, அவர் போய் உட்கார்ந்தபோதுதான் சிங்கப்பூரில் நடந்தது என்ன என்று அவருக்கே புரிந்திருக்கிறது.

இருவரும் தஞ்சாவூரில் மருந்து வாங்க ஆரம்பித்தார்கள். குழந்தைக்கும் மருந்து கொடுத்தார்கள். பதினெட்டாவது மாதம் எடுத்த பரிசோதனையில் குழந்தைக்குத் தொற்று இல்லை. அண்ணன் குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) ஓட்டுகிறார், எடை கூடியிருக்கிறார் என்றார் தம்பி. என் மேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு வரிக்குப் பதில் ஆறு வரி சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்குத் தொற்று வராமலே போயிருக்கலாம்.

நான் எதைத் தெரியாமல் இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அந்தக் காலத்தில் மருந்து கிடையாது. பிறகு மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சை வந்தபோது, ஒருவருக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் ஆனது. 2001ல் மும்பையின் சிப்லா நிறுவனம் அதே மூன்று மருந்துகளை வருடத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் சொன்ன பிறகுதான் ஏழை நாடுகளுக்கு வழி திறந்தது. 2004 ஏப்ரல் 1ஆம் தேதி இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) சிகிச்சையைத் தொடங்கியது. முதலில் தொடங்கிய சில மருத்துவமனைகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அதாவது, “ஊர்ல எங்க போகணும்க்கா” என்று அவர் கேட்ட நாளில், தமிழ்நாட்டில் ஏழு வருடமாக அந்த மருந்தை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நிலைமை இன்னும் மேல். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. எதிர்ப்புச் சக்தி குறையட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்கிற வழக்கம் 2017லேயே போய்விட்டது. தொற்று உறுதியானால் மருந்து உண்டு. ஆரம்பித்து ஆறாவது மாதம் கிருமியின் அளவைப் பார்க்கிறார்கள், அதற்கும் காசு கிடையாது. 2018 செப்டம்பர் 10 முதல் அங்கே ஒரு சட்டமும் நடப்பில் இருக்கிறது. எச்.ஐ.வி. இருப்பதைக் காட்டி வேலையிலிருந்து நீக்குவது, மருத்துவமனையில் பார்க்க மறுப்பது, சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வது எல்லாம் அந்தச் சட்டப்படி தப்பு.

மருந்துக்கு அப்பால் ஆள் துணையும் இருக்கிறது. நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த கௌசல்யா பெரியசாமி, கணவர் வழியாகத் தொற்று வந்தவர், 1998ல் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார். தானும் அதே மாத்திரையைச் சாப்பிடுகிற ஒருவர் எதிரே உட்கார்ந்து “நான் இத்தனை வருஷமா இருக்கேன் பாருங்க” என்று சொல்வதற்கு இருக்கிற பலம் எந்த டாக்டர் பேச்சுக்கும் இல்லை. இந்தத் துணை அங்கே மையங்களில் கிடைக்கிறது. இங்கே நாம் அனுப்பி வைக்கிறவருக்கு அது தெரியாது.

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். 2022ல் மருந்துத் தட்டுப்பாடு என்று டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்கு முன்னால் நோயாளிகளே உட்கார்ந்து போராடினார்கள். மருந்து இலவசம்தான், பஸ் காசு இலவசம் இல்லை. மையத்துக்குப் போகிற நாளில் கூலி போய்விடும். சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் தெரிந்த முகம் பார்த்துவிடுமோ என்று பயந்து பக்கத்து மாவட்டத்துக்குப் போகிறவர்கள் நிறைய. இத்தனை இருந்தும், வழி தெரிந்து போனவர் பிழைத்துக்கொள்கிறார். நம் ஆட்கள் வழி தெரியாமல்தான் போகிறார்கள்.

கடனையும் நினைத்துப் பாருங்கள். ஏஜெண்டுக்குக் கட்டிய பணம், பெண்டாட்டி நகை, தெரிந்தவரிடம் வாங்கிய வட்டிப் பணம். போன மாதம் வழியனுப்பிய ஊர் இந்த மாதம் திரும்பி வந்தவரைப் பார்த்து “என்னப்பா ஆச்சு?” என்று கேட்கும். அவர் சம்பளம் சரியில்லை என்பார், கம்பெனியில் வேலை இல்லை என்பார். ஒரு பொய்யைச் சொன்ன பிறகு ஆஸ்பத்திரிக்கு எந்தக் காரணம் சொல்லிப் போவது? உடம்பிலும் ஒன்றும் தெரியாது. இந்தக் கிருமி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். காசநோயோ தீராத வயிற்றுப்போக்கோ வந்து படுக்கும்போதுதான் வீட்டுக்குத் தெரிகிறது. தமிழ்நாட்டில் “புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா” என்ற சுவரொட்டியைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. அந்த விளம்பரம் விழிப்பைக் கொடுத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஊர் மனதில் தங்கிப்போனது கேலியும் பயமும்தான். வந்த பிறகு ஒருவர் எங்கே போக வேண்டும் என்பது தங்கவில்லை.

சரி, நான் கேட்பது இதுதான். சேதியைச் சொல்லும்போது கதவைச் சாத்திக்கொண்டு சொல்லுங்கள். பெயரை உடைத்துச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. என்றே சொல்லுங்கள், கிருமி, ரத்தக் கோளாறு என்று மழுப்ப வேண்டாம். சொன்ன உடனே அடுத்த வரியில் மருந்து உண்டு, இலவசம், வாழலாம் என்று சொல்லுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். முதல் வரியைக் கேட்டதும் அவர் காது அடைத்துவிடும், அதனால் கொஞ்சம் பொறுத்து, இரண்டாவது தடவையும் சொல்லுங்கள். கல்யாணமானவரா என்று கேளுங்கள். கூச்சம் நமக்கு வரும். நான் பட்ட கூச்சத்துக்கு ஒரு பெண் விலை கொடுத்தார்.

அவருடைய ரிப்போர்ட்டின் நகல் ஒன்று அவர் கையில் இருக்க வேண்டும், ஒட்டிய உறையில். டாக்டரிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். கம்பெனி கோப்பில் மட்டும் இருந்தால் அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

சூப்பர்வைசர் தம்பிகளே, உங்களுக்கு விஷயம் தெரியவந்தால் அது உங்களோடு நிற்கட்டும். ஏஜெண்டிடம் சொல்லாதீர்கள், அதே அறையில் இருக்கும் அவருடைய மச்சானிடமும் சொல்லாதீர்கள். இங்கே தொற்றுநோய்ச் சட்டமே எச்.ஐ.வி. உள்ளவரின் அடையாளத்துக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. தங்கும் விடுதியில் ஒருவர் காதில் விழுந்தால் அவர் விமானம் ஏறுவதற்குள் வாட்ஸ்அப் வழியாக அவர் தெருவுக்கே போய்விடும் என்று உங்களுக்குத் தெரியாதா? அவருடைய மெத்தையை எடுத்துப் போடுவது, தட்டு டம்ளரைத் தனியாக வைப்பது, இதையெல்லாம் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். வேண்டாம்.

மனிதவளப் பிரிவில் இருப்பவர்களே, டிக்கெட்டும் சம்பள பாக்கியும் கம்பெனி கொடுத்தாக வேண்டியவை, அதை நான் சொல்ல வேண்டியதில்லை. கணக்கு முடித்து, காசை அவர் கையில் கொடுத்து, அப்புறம் அனுப்புங்கள். இருமலோ காய்ச்சலோ இருந்தால், எடை வேகமாகக் குறைந்திருந்தால், டாக்டர் பார்த்துப் பயணம் செய்யலாம் என்று சொல்லட்டும். இன்று ரிசல்ட், நாளை காலை சாங்கி விமான நிலையம் என்று அவசரப்படுத்தினால் அந்த மனிதர் இங்கேயே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமலே போய்விடுவார்.

நான் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். அரைப் பக்கம். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிகிற மாதிரி, பெரிய எழுத்தில். அதில் இருப்பது இதுதான்:

“உங்கள் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. எய்ட்ஸ் முற்றிவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. தினமும் மாத்திரை சாப்பிட்டால் மற்றவர்களைப் போல வேலை பார்க்கலாம், குடும்பம் நடத்தலாம், தொற்று இல்லாத குழந்தை பெறலாம். ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே அரசு மருத்துவமனைக்குப் போய் ‘நம்பிக்கை மையம் எங்கே’ என்று கேளுங்கள். நோயின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. அங்கே மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், அது வழக்கம், பயப்பட வேண்டாம். உறுதியானால் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புவார்கள். பரிசோதனை, மாத்திரை எல்லாம் இலவசம். மனைவியையும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அதுவரை ஆணுறை இல்லாமல் சேர வேண்டாம். நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள். முழுதாகக் குணமாக்குகிறேன் என்று யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் 1097க்கு அழையுங்கள், காசு கிடையாது, தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டாம்.”

1097 இந்தியாவுக்குள் மட்டும் வேலை செய்யும் எண். இங்கிருந்து முயன்று பார்த்துவிட்டு, எடுக்கவில்லை என்று அவர் கைவிட்டுவிடக்கூடும். ஊர் சிம் போட்ட பிறகு கூப்பிடச் சொல்லுங்கள்.

தாளின் மேல் எந்தத் தலைப்பும் இல்லை, கம்பெனி பெயரும் இல்லை. நான்காக மடித்தால் பாஸ்போர்ட்டுக்குள் உட்காரும். மடித்த நிலையில் வெளியே ஒரு எழுத்தும் தெரியாது. இதை எடுத்து அப்படியே அச்சடித்துக்கொள்ளுங்கள், என்னைக் கேட்க வேண்டாம். மலையாளம், தெலுங்கு, வங்காளம் தெரிந்தவர்கள் தங்கள் மொழியில் எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது. அவரவர் நாட்டு வழிமுறையை மட்டும் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பின்பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். எந்த மாவட்டம் என்று அவரிடம் கேளுங்கள். அந்த மாவட்டத்தில் ஏ.ஆர்.டி. மையம் இருக்கும் மருத்துவமனையின் பெயரைத் தேடி, அவர் எதிரிலேயே உங்கள் கையால் அதில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் மருந்தக உதவியாளர்
சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்